அரைக் கட்டை தூக்கல்

சரவணா,

நலம் விசாரித்துக் கடிதத்தைத் தொடங்குவது முறை. விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள். நீ சிங்கப்பூரிலிருந்து ஆள் மூலம் கொடுத்தனுப்பிய பாட்டுப்பெட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. வரும் தையில் உனக்குக் கல்யாணம், அதற்கு முன்னால் எனக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கரையான்சாவடியில் பார்த்திருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் மகனுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நல்ல வார்த்தை சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பது போன ஞாயிற்றுக்கிழமையோடு சந்தேகமாகிவிட்டது. ஏகாம்பரத்துக்கு நான் ஒரு பெரிய அநியாயம் செய்திருக்கிறேன் என்பது உன் பெட்டி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதினைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மனிதனிடம் போய் அதைச் சொல்லிவிட்டும் வந்தேன். அங்கே அவன் ஒன்று சொன்னான். அதைப் பற்றிக் கேட்க எனக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது, நீ அங்கே இருக்கிறாய். நான் பேசுவதற்குப் பதில் சொல்கிற குரல் இந்த வீட்டில் ஒன்றும் இல்லை.

ஏகாம்பரத்தை உனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் நீ சின்னவனாக இருந்து பார்த்த ஏகாம்பரம் மாமா வேறு, நான் பார்த்தவன் வேறு. பாரிவாக்கத்தில் தலைமுறையாக நெல்லும் கீரையும் போட்ட குடும்பம். அந்தக் குடும்பத்தில் அவன்தான் முதலில் எங்கள் டாங்கி ஃபேக்டரிக்கு வந்தவன். நான் லேத்தில், அவன் பக்கத்து கிரைண்டிங்கில். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இந்த ஊர்ப் பேச்சு புரியாமல் விழித்துக்கொண்டிருந்த என்னை, கேன்டீனில் தோளில் தட்டி, "இன்னா மாமே, ஊர்லேர்ந்து வந்து பேஜாராகீறியா?" என்று கேட்டது அவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவேற்காட்டு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பான். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று எங்கேயாவது கச்சேரி இருக்கும். கச்சேரி இல்லாத ஞாயிறுகளில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு நம் வீட்டுக்கு வந்துவிடுவான். டேப் ரிக்கார்டர் என்னிடம்தான் இருந்தது, அவனிடம் இல்லை.

கேசட்டெல்லாம் பூந்தமல்லி ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கியவை. அந்தக் கடைக்காரருக்கு இங்கிலீஷ் பாட்டில் ஆர்வமும் கிடையாது, கிட்டார்காரர்களின் பெயரும் தெரியாது. அட்டையில் 'இங்கிலீஷ் கிட்டார் ஒன்று', 'இங்கிலீஷ் கிட்டார் இரண்டு' என்று பச்சை மையில் எழுதித் தருவார். அதனால் உலகத்துப் பெரிய வித்வான்களுக்கெல்லாம் பெயர் வைக்கும் பொறுப்பு ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் இருவர் தலையில் விழுந்தது. ஒரே ஸ்வரத்தை இழுத்து இழுத்து அழவைக்கிறவர் 'அழுமூஞ்சி'. ஒரு ஸ்வரம் வாசித்துவிட்டு அடுத்ததற்கு முன்னால் யோசிக்கிற ஜாஸ் ஆசாமி 'வக்கீல்'. விரல் நகத்தாலேயே தந்தியைக் கீறி, காலைத் தட்டி, குதிரை ஓடுவது போல வாசிக்கும் ஸ்பெயின்காரர் 'ஜட்கா'. வீணைக்குப் பதிலாகக் கிட்டாரை மடியில் வைத்து ராகம் வாசித்தவர் 'ஐயர்வாள்'. அவர் ஐயரா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. நம் சினிமாப் பாட்டுகளில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே பத்து விநாடி வந்து மனசைக் கலக்கிவிட்டுப் போகிறவருக்கு, அவர் ஒருவரோ பலரோ, 'நம்மாளு' என்று பெயர்.

இவர்களில் யார் பெரியவர் என்று நானும் ஏகாம்பரமும் ஏழெட்டு வருஷம் சண்டை போட்டோம். பொங்கல் விழா பட்டிமன்றத்தில்கூட நாலரை மணிக்குத் தீர்ப்பு வந்துவிடும். எங்களுக்குத் தீர்ப்பே வந்ததில்லை. அவனுக்கு நம்மாளுதான் உசத்தி. "பத்து செகண்டு குட்த்தாங்க அவனுக்கு. பேரு போடல. அந்தப் பத்து செகண்டுல ஒரு ஆளு அழுவுறான்னா அது சோலோ மாமே. மீதிப் பேரெல்லாம் அஞ்சு நிமிசம் கையில வச்சிகினு இன்னா பண்றதுன்னு தெரியாம சுத்திகினு கீறானுங்க" என்பான். நான் விடமாட்டேன். நம்மாளு எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறவர், அதில் அவருடைய சொந்தச் சரக்கு எவ்வளவு என்று கேட்பேன். "ஐயர்வாள் வாசிக்கிற கீர்த்தனை மட்டும் அவர் எழுதுனதா?" என்று திருப்புவான். வக்கீலை எனக்குப் பிடிக்காது, அவனுக்கும் பிடிக்காது. ஆனால் நான் பிடிக்கவில்லை என்று சொன்னால் அவன் வக்கீல் கட்சியில் சேர்ந்துவிடுவான். அப்படி எதிர்த்துப் பேச ஓர் ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. ஃபேக்டரியில் நான் எது சொன்னாலும் இளவட்டங்கள் "கரெக்ட் சார்" என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

நீ ஐந்தாவது படித்தபோது டேப் ரிக்கார்டரில் மோட்டார் புல்லி உடைந்துபோனது. பெல்ட்டை ஓட்டுகிற குட்டிச் சக்கரம், பிளாஸ்டிக். விண்டு மூன்று துண்டாகக் கிடந்தது. ரிப்பேர்க்காரர் ஸ்பேர் வர மாதக்கணக்காகும் என்றார். டாங்கிக்குப் பல்சக்கரம் கடைகிறவன் ஒரு புல்லிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதா? துண்டுகளை ஒட்டவைத்து அளந்தேன். விட்டம் எட்டு மில்லிமீட்டர் வந்தது. ஓடித் தேய்ந்திருக்கும் என்று நானாகவே கணக்குப் போட்டு, அரை மில்லி சேர்த்து, பித்தளையில் எட்டரைக்குக் கடைந்து மாட்டினேன். கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பின்மூடியைக் கழற்றிக் காட்டினேன். நீயும் உன் வகுப்புப் பையன்களைக் கூட்டிவந்து காட்டினாய். அதே வருஷம் பழைய ரேடியோவும் கெட்டுப்போனது. டேப்தான் இருக்கிறதே என்று நான் அதைச் சரிசெய்யவில்லை.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் 'இங்கிலீஷ் கிட்டார் ஆறு'. அதில்தான் அந்த ஆள் இருந்தார். அவர் வாசித்த வேகத்தைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு ஸ்வரம்கூட வழுக்காமல், ஒவ்வொன்றும் மெஷினில் கடைந்து எடுத்தது மாதிரி வந்து விழுந்தது. அன்றைக்கே 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தேன். இனி வாதமே கிடையாது, உலகத்தில் இவர்தான் என்றேன். ஏகாம்பரம் தலையைச் சாய்த்து இரண்டு தடவை கேட்டான். கச்சேரிக்காரர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், கட்டை ஏறினால் சுருதி ஏறும், உனக்குத் தெரியும். அவன் தன் கிட்டாரை மீட்டிப் பார்த்துவிட்டு, "மாமே, உன் மிஷின்ல இப்பல்லாம் எல்லாமே அரைக் கட்டை தூக்கலா கீது. சினிமாப் பாட்டும் அப்டித்தான் கேக்குது. வேற மிஷின்ல போட்டுப் பாக்கலாமா?" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கடைந்த புல்லியில் குற்றமா? "ஏகாம்பரம், அது மெட்டல். பொய் சொல்லாது. உன் காதுலதான் கோளாறு" என்றேன். அவன் சிரித்தான். அந்த வாரம் நான் மறுபடியும் சொன்னேன். கேன்டீனில், நாலு பேருக்கு முன்னால், "கச்சேரி வாசிக்கிறவருக்குக் காது டல்லடிக்குது" என்று கிண்டலாகச் சொன்னேன். அப்போது அவன் சிரிக்கவில்லை.

பிறகுதான் அவன் அந்த எக்ஸ்பிரஸ் சோலோவை வாசித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினான். வேகமெல்லாம் வித்தை இல்லை என்று ஏழெட்டு வருஷம் என்னிடம் வாதாடியவன், வேகத்துக்குப் பின்னால் ஓட ஆரம்பித்தான். நான்தான் ஓடவைத்தேன். ஒன்றரை வருஷம் ஞாயிறு தவறாமல் நம் கூடத்தில் உட்கார்ந்து, டேப்பை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுப் பழகினான். டேப்பின் சுருதிக்குக் கொண்டுவரத் தந்தியை அரைக் கட்டை முறுக்கி வைக்க வேண்டியிருந்தது. முதல் தந்தி படீர் படீரென்று அறுந்துகொண்டே இருக்கும். ஒரு தடவை அவன் கன்னத்தில் கீறிவிட்டது, நீதான் ஓடிப்போய்ப் பஞ்சு கொண்டுவந்தாய். தந்தி ஏன் இப்படி அறுகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். பெல்ட்டும் புல்லியும் என் தொழில். நான் யோசிக்கவில்லை.

அந்த வருஷப் பொங்கல் விழாவில், குவார்ட்டர்ஸ் மைதானத்தில், வெயில் தாழ்ந்த நேரத்தில் அவன் வாசித்தான். கோலப் போட்டியில் தோற்ற பெண்களிலிருந்து ஃபோர்மேன் வரைக்கும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். முடித்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்கவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். என் பையில் ஸ்டாப் வாட்ச் இருந்தது, டைம் ஸ்டடி செக்ஷனில் கேட்டு வாங்கிப்போனது. எந்த வேலைக்கு எத்தனை விநாடி என்று எங்களை அளப்பார்களே, அதே வாட்ச். டேப்பில் எக்ஸ்பிரஸ் அந்த சோலோவை முடிக்க ஐம்பத்தெட்டு விநாடி. ஏகாம்பரம் அறுபது. மேடையேறி மைக்கை வாங்கி, "நம்ம ஏகாம்பரம் அருமையா வாசிச்சார். ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்குல்ல? ரெண்டே ரெண்டு விநாடி பின்னால. எக்ஸ்பிரஸ் எக்ஸ்பிரஸ்தான்" என்றேன். கூட்டம் சிரித்தது. விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று நானே பல வருஷம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது விளையாட்டில்லை, சரவணா. ஏழெட்டு வருஷ வாதத்தில் எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது.

ஏகாம்பரம் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். மறுவாரம் வருவான் என்று மூன்று மணிக்கு டீ போடச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். வரவில்லை. குழுவிலிருந்து விலகிவிட்டான், கிட்டாரை அங்கேயே ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். "காது போனவன் இன்னாத்துக்கு வாசிக்கணும்?" என்று குழுக்காரர்களிடம் சொன்னானாம். ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டான். கேட்டில் எதிர்ப்பட்டால் தலையாட்டுவோம். அண்ணி என்றே கூப்பிட்டுப் பழகிய உன் அம்மாவின் காரியத்துக்கு வந்து பின்னால் நின்றுவிட்டுப் போனான். நான் ஒரு தடவைகூடப் பாரிவாக்கம் போகவில்லை. அவன் ரோஷக்காரன், அவனாக வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் நீ அந்த எக்ஸ்பிரஸின் சிடியைத் தேடிப் பிடித்துப் பெட்டியோடு அனுப்பினாய். ஆபீசில் யாரிடமோ முணுமுணுத்துக் காட்டிக் கண்டுபிடித்தேன் என்று எழுதியிருந்தாய். அவருடைய நிஜப் பெயரையும் எழுதியிருந்தாய், அது என் நாக்கில் ஒட்டவில்லை. போட்டுக் கேட்டேன். ஆள் தூங்கிவழிந்தார். சுருதியும் இறங்கியிருந்தது. உடனே என்ன நினைத்தேன் தெரியுமா? உன் பெட்டியில் கோளாறு என்று நினைத்தேன். கரன்ட் வோல்டேஜ் குறைவு என்று நினைத்தேன். கடைசியில்தான் அதே பெட்டியில் கேசட் போடும் இடம் இருப்பதைப் பார்த்து, 'இங்கிலீஷ் கிட்டார் ஆறு' கேசட்டை அதில் போட்டேன். சிடியும் கேசட்டும் ஒரே வேகத்தில் ஓடின. பழைய டேப் ரிக்கார்டரில் போட்டேன், எக்ஸ்பிரஸ் ஓடினார். மறுபடி அந்த ஸ்டாப் வாட்ச்சைக் கேட்டு வாங்கிவந்து பிடித்தேன். சிடியில் அறுபத்தொன்றரை விநாடி. பின்மூடியைக் கழற்றிப் புல்லியை வெர்னியர் அளவுகோலில் வைத்தேன். எட்டரை. அசல் எட்டுதான், தேயவே இல்லை. சக்கரம் பெருத்ததால் டேப் வேகமாக ஓடி, சுருதியும் ஏறியிருக்கிறது. ஏகாம்பரம் சொன்ன அதே அரைக் கட்டை, ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவன் அந்தப் பொங்கலன்று எக்ஸ்பிரஸை ஒன்றரை விநாடியில் ஜெயித்திருக்கிறான். ஜெயித்தவனை மேடையேறித் தோற்றவன் என்று அறிவித்தது நான். கூடத்தில் தனியாக உட்கார்ந்து, புல்லியைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு "அடப்பாவி" என்றேன்.

ஞாயிறு காலை மொபெட்டை எடுத்துக்கொண்டு பாரிவாக்கம் போனேன். வயலிருந்த இடத்தில் மனைக்கல் நட்டிருந்தார்கள். வீட்டுப் பின்னால் மிச்சமிருந்த நாலு பாத்திக் கீரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"வா. ஊடு எங்க கீதுன்னு ஞாபகம் கீதா?"

உட்காரக்கூட இல்லாமல், புல்லியையும் வெர்னியரையும் நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தானே அளந்து பார்த்தான். அவனும் ஃபேக்டரிக்காரன் அல்லவா.

"எட்டரை."

"எட்டுதான் இருந்திருக்கணும்."

"அப்ப என் காது?"

"சரியாத்தான் இருந்துச்சு, ஏகாம்பரம். எல்லாரையும்விடச் சரியா இருந்துச்சு. நீ வாசிச்சதும் அந்த வெள்ளைக்காரனைவிட வேகம்."

கொஞ்ச நேரம் புல்லியை உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். "அந்தாளத் தோக்கடிச்சிகீறேன், எனக்கே தெரியாம! கெட்டிக்காரன்தான் மாமே நீ" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரிப்பு நின்றபோது கண்ணைத் துடைத்தான். மன்னித்துவிடு என்றேன். "வுடு. பதினஞ்சி வர்சம் ஆயி போச்சி. வெரலும் மரத்துப் போச்சி" என்றான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எது கிடைத்ததோ அது போதும் என்று கிளம்பினேன். மொபெட்டைத் தள்ளும்போது பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"நான் கெடக்கறேன் மாமே. அண்ணிகிட்ட இன்னா சொல்லுவ?"

"அவகிட்ட சொல்ல என்ன இருக்கு?" என்றேன்.

"ரேடியோல பாட்டு வந்தா கூடவே பாடுவாங்க இல்ல, சோறு வடிச்சிகினே? நீ இந்தப் புல்லிய மாட்னதுக்கு அப்பால ஒரு நாளு கேசட்டு குடுக்க வந்தேன். நீ ஷிப்டு. 'அண்ணே, எனக்குத் தொண்டை போயிட்ச்சி போல. டேப்போட பாடினா மேல எட்டவே மாட்டேங்குது'ன்னாங்க. உன்கிட்டயும் சொன்னாங்களாம். வயசாவுதில்லன்னு சொன்னியாம். சிரிச்சிகினேதான் சொன்னாங்க. அதுக்கு அப்பால அவங்க பாடி நான் கேட்டதே இல்ல."

நான்கு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். அவள் அப்படி என்னிடம் சொன்னது எனக்கு நினைவில் இல்லை. வயசாகிறது என்று நான் சொன்னதும் நினைவில் இல்லை. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அவள் பாடுவதை நிறுத்தினாள் என்பதையே நான் கவனித்திருக்கவில்லை. ஏகாம்பரத்தின் காதை மட்டும்தான் நான் பொய்யாக்கினேன் என்று நினைத்துப் போனேன். அவன் ஒன்றரை வருஷம் போராடிப் பார்த்தான். இவள் போராடக்கூட இல்லை, தன் தொண்டை போய்விட்டது என்று நம்பிவிட்டாள். சாகும் வரைக்கும் நம்பியிருக்கிறாள். அரை மில்லி பித்தளை, சரவணா.

உன் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணை எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று அவள் உன்னிடம் சொன்னால், அவளுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நீ மாட்டி வைத்திருப்பதைக் கழற்றி அளந்து பார். உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். எக்ஸ்பிரஸ் வாசித்ததில் ஒவ்வொரு ஸ்வரமும் எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியும். அழுமூஞ்சி எந்த இடத்தில் இழுப்பார், வக்கீல் எந்த இடத்தில் நிறுத்துவார், எல்லாம் தெரியும். உன் அம்மா பாடிய குரலை நினைத்துப் பார்த்தால் ஒன்றும் கேட்கவில்லை. குக்கர் சத்தம் கேட்கிறது, அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவது கேட்கிறது, பாட்டு கேட்கவில்லை. நாற்பது கேசட்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றிலும் அவள் இல்லை. நீ அடுப்படியில் அவள் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன். அவள் என்ன பாடினாள்? உனக்கு நினைவிருந்தால் எழுது. நான் வருத்தப்படுவேன் என்று எதையும் விட்டுவிடாதே.

அப்பா